பாட்டில் உருளும் இடம்

பிராட்ஃபோர்ட் நூலகத்தின் இரண்டாம் மாடிக்கு
நான் ஏறியது கழிப்பறைக்காக.
நாற்பது நிமிட இடைவேளை. வெளியே ஆலங்கட்டி.
திரும்பும் வழியில் மேசைமேல் அந்தப் புகைப்படம்,
சுற்றி மூன்று பேர்
பிணப் பரிசோதனைபோலக் குனிந்து.

ஓரத்தில் பென்சிலில்:
கால்வாய் லாக். இடம்?

லாக் என்றால் பூட்டு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன்.
மடை என்று திருத்தினேன். அதுவும் பொருந்தவில்லை.
மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படகைச்
சிந்தாமல் இறக்கிவைக்கும் தண்ணீர்ப் படி அது.
இரண்டு மரக்கதவு, நடுவே ஒரு பெட்டி நீர்.
கதவின் நீண்ட கைமரத்தில் இடுப்பைச் சாய்த்து
ஒரு பெண். ஒற்றைக் கையுறை.
பக்கத்தில் குதிரை,
படம்பிடித்தவன் எண்ணி முடிப்பதற்குள் அசைந்துவிட்டது,
வாலிருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் புகை.

ரயில்வேயில் சரக்குக் கணக்கெழுதிய சக்டன்
புகைபோக்கியில் தெரிந்த இரண்டு எழுத்தை வைத்துப்
பதினோரு சாய ஆலைகளைப் பட்டியலிட்டு
ஒன்பதை அடித்திருந்தார்.
வாண்டா ஒசோவ்ஸ்காவின் பூதக்கண்ணாடி
துணிக்கொடியை விட்டு நகரவில்லை:
"மேல்காற்று. பாருங்கள் அந்த உள்பாவாடையை."
தஹ்மினா, நூலகத்தின் ஆள்,
சுருண்டுகொள்ளப் பார்த்த வரைபடத்தை
முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.
அந்தக் கால்வாயைத் தூர்த்து நூறு வருடம் இருக்கும்.
அதன்மேல் சாலை. சாலைமேல் நான்,
நாளுக்குப் பதினாறு தடவை.

நான் பார்த்தது பின்னால் போகும் சுவரை.
சமமாக வந்துகொண்டிருந்த சுவர்
ஓரிடத்தில் ஓர் ஆள் உயரம் இறங்கி
ஒன்றும் நடக்காததுபோல
மறுபடி சமமாகப் போனது.
என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

"டயர் கடைக்கு முந்தின நிறுத்தம்," என்றேன்.
மூவரும் என் சீருடையைப் பார்த்தார்கள்.

எப்படிச் சொல்ல.
கடைசி இருக்கையில் யாரோ விட்டுப்போகும் காலி பாட்டில்
ஷிப்லி போகும் வழியெல்லாம் சோம்பிக் கிடந்து
அங்கே வந்ததும்
கடகடவென்று எழுந்தோடி என் கதவில் முட்டும்.
திரும்பும்போது அதே இடத்தில்
வந்த வழியே போய்விடும்.
தண்ணீரை எடுத்தார்கள்,
மண் போட்டார்கள், தார் போட்டார்கள்.
படியை எடுக்க முடியவில்லை.

ஞாயிறு போனோம், தூறலில்.
டயர் கடைக்குப் பின்னால், காஞ்சொறிப் புதருக்குள்
ஒரு கல் கிடந்தது,
விளிம்பில் விரல் நுழையும் ஐந்து பள்ளங்களோடு.
எறும்பூரத் தேயும் கல்லைப் பள்ளியில் படித்திருக்கிறேன்.
இது ஈரக் கயிறு ஊரத் தேய்ந்தது.
வாண்டா ஒவ்வொரு பள்ளத்திலும் விரல் வைத்துப் பார்த்தாள்,
ஐந்தாவதில் ஒரு நத்தை.
"கல்லை எங்கிருந்தும் கொண்டுவந்து போட்டிருக்கலாம்,"
என்றார் சக்டன், குடையை மடக்காமல்.
அதுவும் சரிதான்.

தஹ்மினா பென்சிலில் இடத்தை எழுதினாள்,
கேள்விக்குறியை அழிக்கவில்லை.
பெண்ணின் பெயருக்கு நேரே
ஒரு கோடு மட்டும் இழுத்தாள்.

இப்போதும் அந்தச் சறுக்கலில்
கொஞ்சம் மெதுவாகவே இறக்குகிறேன்,
சிந்திவிடக் கூடாத எதையோ ஏற்றிவந்தவன்போல.
நேரம் ஆகிறது என்று யாரோ முணுமுணுக்கிறார்கள்.
கண்ணாடியில் பார்க்கிறேன்:
தூங்குகிற தலை, கைப்பேசியில் கவிழ்ந்த தலை,
சண்டை போட்டுக்கொண்டு வரும் இரண்டு தலை,
எல்லாம் ஒரே நேரத்தில்
முன்னால் சாய்ந்து நிமிர்கின்றன,
ஆமாம் என்பதுபோல.